பிடித்து வைத்த கதவு

மாதவனுக்கு மண்டையில் ஒன்றுமில்லை என்பதில் ஜெஸிமாவுக்குச் சந்தேகமே கிடையாது. இருந்தால், அவள் எழுதிய புரோகிராமிலிருந்து அந்த நாலு வரியை நேற்று நீக்கியிருப்பானா?

டீம் லீடராம். தன் லேப்டாப்பில் அந்த வரிகள் ஓடவே இல்லை, குப்பை என்று தூக்கிவிட்டான்.

லேப்டாப்பில் எப்படி ஓடும்? சர்வரில்தான் சர்வீஸ் மேனேஜர் என்கிற காவல் புரோகிராம் இருக்கிறது. சாக்கெட் என்கிற வாசற்கதவை அது முதலில் திறந்துவைத்து, வருகிறவர்களை வரிசையில் நிறுத்தும். பிறகு புரோகிராமை எழுப்பி, திறந்த கதவை அதன் கையில் கொடுக்கும். கொடுத்ததை வாங்கிக்கொள்ளத்தான் அந்த நாலு வரி.

இப்போது வாங்கத் தெரியாத புரோகிராம், திறந்திருக்கும் கதவையே மறுபடி திறக்கப் போய் விழுந்தது. மேனேஜர் சற்றுப் பொறுத்து எழுப்பியது. மறுபடி விழுந்தது.

வெளியே வரிசை நின்றது. புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆன்லைன் டோக்கன் முன்பதிவு அது. மாதம் ஒருமுறை வரும் இதய டாக்டருக்கு விரல்விட்டு எண்ணும் டோக்கன்கள்தான்.

பாலக்கரையில் ஜெஸிமாவைப் பெற்ற அத்தா குத்புதீன், முன்பதிவு தொடங்கிய நொடியே போனைத் தொட்டிருந்தார். நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிற மனிதர். போன மாதமும் கிடைக்கவில்லை. ‘போன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும்மா’ என்று செய்தி அனுப்பியிருந்தார்.

சுற்றினால் நல்லது. வரிசையில் இருக்கிறார்.

நாலு வரிகளையும் திரும்பச் சேர்த்துவிட்டாள். மேனேஜர் அடுத்த முறை எழுப்பினால் போதும், வரிசை அப்படியே உள்ளே போகும். அத்தா முதல் ஆளாகப் போவார்.

மாதவன் அவளுடைய நாற்காலியைப் பிடித்து இழுத்தான். "நகரு. மேனேஜர் புடிச்சிருக்கிற கதவையே மூடிடறேன். புரோகிராம் தானா தெறந்துக்கட்டும்."

"மூடாதீங்க சார்! வெளில ஆளுங்க நிக்கிறாங்க, எங்க அத்தாவும் நிக்கிறாங்க. அடுத்த தடவை எந்திரிச்சா சரியாயிடும் சார்!"

கெஞ்சியது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இந்த முட்டாளிடம் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு.

மூடினான். வரிசை மொத்தமாக அறுந்தது.

புரோகிராமைத் தானே எழுப்பினான். அது புதிதாய் ஒரு கதவைத் திறந்துகொண்டு ஒழுங்காக நின்றது. பெரிய சாதனை செய்தவன் போல நாற்காலியில் சாய்ந்து, போனை எடுத்து யாருக்கோ ஒரு மணி மட்டும் அடிக்கவிட்டு வெட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் டோக்கன்கள் தீர்ந்தன.

அத்தாவின் செய்தி வந்தது. ‘சுத்துறது நின்னுருச்சு. மறுபடி போட்டேன், முடிஞ்சிருச்சுங்குது. பரவால்லம்மா.’

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

மாதவனின் போன் அடித்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து அவன் மனைவி ஆனந்தவள்ளி. ஊருக்கே கேட்கிற குரல்.

"என்னங்க, நீங்க சொன்னபடியே மிஸ்டு கால் வந்தப்புறம்தான் தொட்டேன். அம்மாவுக்கு மொத டோக்கனே கெடச்சிருச்சு!"

அவசரமாகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வெளியே போனான்.

ஜெஸிமா நேற்றைய மாற்றத்தைத் திரையில் திறந்து பார்த்தாள். அத்தனை நீளமான புரோகிராமில் அந்த நாலு வரியை மட்டும்தான் எடுத்திருந்தான். வேறு ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.