கடைசி பெனால்டி

"கடைசி பெனால்டி யாரும்மா அடிக்கிறது?" என்று கோச் கேட்டபோது எல்லோரும் டெல்சியைத்தான் பார்த்தார்கள். அந்தத் தொடரில் ஒன்பது கோல் அடித்தவள் அவள். இதுவும் கோலானால்தான் ஆட்டம் நீளும். டெல்சி குனிந்து, இறுக்கமாகவே இருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினாள். நிமிரவே இல்லை.

"நான் அடிக்கிறேன் சார்" என்றாள் தேன்மொழி. இரண்டு வருடமாக பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவள். இன்று ஒருத்திக்குக் கால் பிசகியதால் உள்ளே வந்திருந்தாள். ஓடிப்போய் உதைத்தாள். பந்து கம்பத்துக்கு மேலே பறந்துவிட்டது.

அழுதுகொண்டே அவள் நேராக டெல்சியிடம் வந்தாள். "மன்னிச்சிருடி. நீ அடிச்சிருந்தா உள்ள போயிருக்கும். நீ ஷூ கட்டி முடிக்கிறதுக்குள்ள நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

டெல்சி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பரிசளிப்பு தொடங்கிவிட்டது. தொடரின் சிறந்த ஆட்டக்காரி என்று மைக்கில் அவள் பெயரை அழைத்தார்கள்.

"போடி, கூப்பிடுறாங்க" என்று மூக்கை உறிஞ்சியபடி தேன்மொழிதான் முதலில் கை தட்டினாள்.

கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பும்வரை டெல்சி தலையைத் தூக்கவில்லை. முன்வரிசையில் யாரோ சொன்னார்கள்: "எவ்வளவு அடக்கமான பொண்ணு பாரு."