தூங்காத செடிகள்

கத்தரிக்கோலை மறுபடியும் கையில் எடுத்தேன். இன்று மூன்றாவது தடவை.

எதை வெட்டுவது என்று தெரியவில்லை. வெட்ட வேண்டியதையெல்லாம் வெட்டியாகிவிட்டது.

இரண்டு பெயின்ட் வாளி, இரண்டு கஞ்சா செடி. ஐந்தாவது கணுவுக்கு மேல் நுனியைக் கிள்ளினேன். ஒன்று இருந்த இடத்தில் இரண்டு கிளை வந்தது. அவற்றை வளைத்து, என் மனைவி நொசிபிவோவின் பழைய காலுறையைக் கீற்றாக வெட்டி, வாளி விளிம்பில் கட்டினேன். அடியில் வெயில் படாத இலைகளைக் களைந்தேன். கைப்பேசியில் பார்த்தபடியே எல்லாம்.

வீட்டில் வளர்த்துக்கொள்ளலாம், தெருவில் போகிறவன் கண்ணில் படக் கூடாது. எங்கள் நாட்டில் சட்டம் அவ்வளவுதான். என் மதில் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. அதனால்தான் இந்த வளைப்பு.

ஏப்ரல் வந்துவிட்டது, இங்கே கோடை முடிந்தாயிற்று. மற்றவர்களின் செடி பிப்ரவரியிலேயே பூத்தது. என்னுடையதில் ஒரு பூ இல்லை.

நொசிபிவோ தூங்குவதில்லை. மருத்துவமனை மாத்திரை ஒரு வருஷம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. போன மாதம் அடுப்பு முன்னால் நின்றபடியே கண் செருகி, முழங்கை வரை சுட்டுக்கொண்டாள்.

போன குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு கோபானி தன் சொந்த ஊர் மலையிலிருந்து ஒரு பிடி கஞ்சாப் பூ கொண்டுவந்தான். பாலில் காய்ச்சிக் குடித்தாள். நான்கு மணி நேரம் தூங்கினாள்.

அந்த நான்கு மணி நேரத்துக்காகத்தான் இந்த வாளிகள்.

"என்ன ராதெபே, கட்டிப்போட்டு வச்சிருக்க? ராத்திரி எழுந்து ஓடிடும்னு பயமா?"

கோபானிதான், மதிலுக்கு அந்தப் பக்கம். ராதெபே என் குலப்பெயர். கிண்டல் செய்யும்போதுகூட அந்த மரியாதையை விடமாட்டான்.

மதிலைத் தாண்டி வந்து இலையைப் புரட்டிப் பார்த்தான்.

"எங்க மலையில எவனும் கத்தரிக்கோல் தொடமாட்டான். ஆண் செடியைப் பிடுங்கிப் போடுவோம், மிச்சத்தை மழை பாத்துக்கும். நீ சலூனே வச்சிருக்க."

"தப்பா வெட்டிட்டேனா?"

"வெட்டினதுல தப்பில்ல." அண்ணாந்து பார்த்தான். "தப்பு அங்க இருக்கு."

தெருமூலையில் முப்பது மீட்டர் கம்பம். உச்சியில் வட்டமாக விளக்குகள்.

"பன்னெண்டு மணி நேரம் கும்மிருட்டு இருந்தாத்தான் பூக்கும். உன் முற்றத்துல ராத்திரி ஊசியில நூல் கோக்கலாம். இதுக்கு இன்னும் ராத்திரியே வரல ராதெபே. கோடைன்னு நெனச்சு இலையா விட்டுக்கிட்டு இருக்கு."

பதினோரு வருஷமாக ராத்திரிக் காவல் எனக்கு. ஐந்து மணிக்குக் கிளம்பினால் விடிந்துதான் வருவேன். ஓய்வு நாளில் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். என் முற்றம் ராத்திரியில் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை.

"அடியில பெட்டி இருக்கு," என்றான் கோபானி. "ஒரு ஒயரை உருவினா போதும். சரிபண்ண ஆள் வர்றதுக்குள்ள நீ ரெண்டு அறுப்பு அறுத்துடலாம்."

"வேண்டாம்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அவன் சிரிப்பு நின்றது. தன் செருப்பைப் பார்த்தான்.

அந்த விளக்கு வேண்டுமென்று மனு எழுதியது நான். இருநூற்றுப் பன்னிரண்டு கதவு தட்டினேன். முதல் கையெழுத்து நொசிபிவோவுடையது. இரண்டாவது கோபானியுடையது.

"பின் ரூமுக்கு அந்த வெளிச்சம் வராது."

நொசிபிவோ சமையலறை வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

கோபானி மதிலேறிப் போய்விட்டான்.

அவளே ஒரு வாளியைத் தூக்கினாள். கிளைகள் நிலையில் இடித்தன. நான் அவ்வளவு அகலமாக வளைத்திருந்தேன். வாளியை இறக்கிவைத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கிளைகள் மெல்ல எழுந்தன.

பின்னறைச் சாவி நிலைக்கு மேலேயே இருந்தது. பூட்டு ஐந்து வருஷத் துருவோடு முரண்டு பிடித்தது. பிறகு திறந்தது.

கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் வாளிகளை வைத்தோம்.

"நடுவுல கதவைத் திறக்கக் கூடாது, அப்படித்தானே?"

"ஆமா. சாயங்காலம் ஆறுலேருந்து காலையில ஆறு மணி வரைக்கும்."

"திறக்காம இருக்கறது எனக்குப் பழக்கந்தான்," என்றாள்.

ஆணியில் எங்கள் மகள் யொனேலாவின் பள்ளிச் சீருடை தொங்கியது. பத்தாம் வகுப்பு.

தெருமூலை டாக்ஸி நிறுத்தத்திலிருந்து எங்கள் வீடு நூறு அடி. அவள் இறங்கியும் வீடு வந்து சேராத அன்றைக்கும் நான் யாருடைய கிடங்கையோ காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்த மூலையில் விளக்கு இல்லை.