நகராத நீலப் பட்டை

வீடியோ கடைக்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்து, சுட்டுக்கொண்டவரைப் போல மடியில் வைத்துக்கொள்கிறார். கணினித் திரையில், வேலை எவ்வளவு முடிந்ததென்று காட்டும் நீலப் பட்டை பாதியில் நிற்கிறது. டிவிடி டிரைவுக்குள் இருக்கும் மென்பொருளை மாற்றினால் அது வட்டில் படங்களை இரட்டை வேகத்தில் எழுதும் என்று இணையத்தில் எவனோ சொன்னதை நம்பி, கடையிலிருக்கும் ஒரே டிரைவில் கைவைத்துவிட்டார். இப்போது நிறுத்தினால் அது செத்துவிடும். நிறுத்தாவிட்டாலும் உயிரோடிருக்கிற மாதிரித் தெரியவில்லை. அதன் பச்சை விளக்கு கண்சிமிட்டவுமில்லை, அணையவுமில்லை. மின்விசிறிக் காற்றில் வெற்று டிவிடியின் உறை படபடக்கிறது. "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்," என்று முணுமுணுக்கிறாள் மனைவி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வெயிலில், ஒரு டாக்சி உறுமிக்கொண்டிருக்கிறது. அதில் ரயிலைப் பிடிக்கப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவன், போன மாதம் இறந்த அப்பா பேசிச் சிரிக்கும் வீடியோவை டிவிடியில் கையோடு கொண்டுபோகக் காத்திருக்கிறான். வந்ததிலிருந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று பறந்துகொண்டிருந்த அவன் அக்கா, கடைக்காரரின் நெற்றி வியர்வையைப் பார்த்து மனமிளகி, மேசையருகே வருகிறாள்.

"பதறாதீங்கண்ணே. தம்பி அடுத்த வண்டிக்குப் போறேங்கறான். வேகமெல்லாம் வேணாம், எப்பவும்போல மெதுவாவே எழுதிக் குடுங்க."

இன்னும் நகராத நீலப் பட்டையைப் பார்த்தபடியே அவர் சரியென்று தலையாட்டுகிறார்.