எல்லாம் சொன்ன டாக்டர்

"கழுத்து ரத்தக்குழாய் வழியா இதயத்துக்குள்ள ஒரு டியூப் விடுவோம். உள்ள எவ்வளவு அழுத்தம்னு அப்பப்ப திரையில தெரியும், மருந்தை அளவா கொடுக்கலாம். ஆனா ரத்தம் கசியலாம், கிருமி ஏறலாம், துடிப்பு தடுமாறலாம்" என்றார் வேலூர் டாக்டர் கிருபாகரன். அழுத்தம் காட்டும் அந்த மிஷின் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"ஆபத்து அவ்ளோதானுங்களா?" என்று கேட்டாள் ஆரணிப் பட்டுத்தறிக்காரி சூசைமேரி.

"எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா."

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த கணவர் சிங்கராயருக்காகக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் அவள் கட்டிலருகே இருந்தபோது, திரையில் அலை அலையாய் ஓடிய கோடு படுத்துவிட்டது. டாக்டர் பாய்ந்து வந்து நோயாளியின் நெஞ்சில் இரண்டு கைகளையும் ஊன்றினார்.

சிங்கராயர் கண்ணைத் திறந்தார். "இன்னாத்துக்கு டாக்டர் அமுக்குறீங்க?"

டாக்டர் சட்டென்று கையை எடுத்தார். டியூப் போன வழியே பார்வையை ஓட்டினார். கட்டில் கம்பியில் இறுக்கமாக ஒரு முடிச்சு! நர்ஸின் நகம் உடைந்ததே தவிர, அது அவிழவில்லை.

"தொளதொளன்னு தொங்கிகினு இருந்துச்சுங்க. இழை தொங்குனா என் கை சும்மா இருக்காது, இழுத்துக் கட்டிட்டேன். தள்ளுங்க, உங்களுக்கு அவுக்க வராது."

சூசைமேரி விரலால் ஒரு நெம்பு நெம்பினாள். முடிச்சு அவிழ்ந்தது, கோடு எழுந்து ஓடியது.

பிறகு டாக்டரைத்தான் முறைத்தாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்னீங்களே, இத சொல்லலியே?"