பழம் உரிக்கும் நேரம்

காலை ஒன்பதரை. ஞாயிறு.

கத்தியைத் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

கூடத்தில் கணவர் மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒரு கை தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை டாக்டரும் அந்தத் தொடையைத்தான் அழுத்திப் பார்த்தார்.

"கொழுப்பு மாத்திரை போடுறீங்க. பம்பளிமாஸ் ஏதும் சாப்பிடுறீங்களா? இந்த மாத்திரைக்கு அது ஆகாது. தசை கரைஞ்சு கிட்னியப் பாதிச்சிரும்."

"இல்லீங்க டாக்டர்" என்றார் கணவர்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்தார்.

படியிறங்கும்போது அவர் கைப்பிடியை விடவில்லை.

பாகப்பிரிவினையில் பம்பளிமாஸ் மரம் கொழுந்தன் பக்கம் போயிற்று. இதிலிருந்து ஒரு பிஞ்சுகூட இனி உங்கள் வாசலுக்கு வராது என்றான் அன்று.

வரவில்லை. அவனும் வரவில்லை.

ஒன்பது வருடம்.

கணவருக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்த வாரம், பையில் இரண்டு பம்பளிமாஸோடு வாசலில் நின்றான். அன்றிலிருந்து ஞாயிறு தவறியதில்லை.

பேச்சு கிடையாது. அவனே உரிப்பான். தடித்த தோல். வெள்ளைச் சக்கை. சுளைமேல் கசக்கும் சவ்வு. ஒவ்வொரு சுளையாக அவர் தட்டில் வைப்பான். அரை மணி நேரம் ஆகும்.

முடிந்ததும் கை கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

இரண்டாவது பழத்தை அவர் வாரம் முழுக்க வைத்துத் தின்பார்.

அண்ணன் என்ற சொல் மட்டும் இன்னும் அவன் வாயில் வரவில்லை. கணவர் அதற்குத்தான் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். அவளுக்குத் தெரியும்.

இன்று காலை கழிப்பறையில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார். சிறுநீர் கடுந்தேநீர் நிறம். அவள்தான் ஊற்றினாள்.

கேட் திறந்தது.

செருப்பைக் கழற்றும் சத்தம். மேசைமேல் பழங்கள் உருண்டு நின்றன. மேசை இழுப்பறை திறந்தது, மூடியது.

அவள் அரிசி டப்பாவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

கொழுந்தன் அடுக்களைக்குள் தலையை நீட்டினான்.

"மதினி, கத்தி எங்க? அண்ணன் காத்துக்கிட்டிருக்காருல்ல?"