ஸ்டாப்பைத் தாண்டிய கதை

பழைய கதை ஒன்றை மறுபிரசுரத்துக்குப் பரிந்துரைத்த வாசகர் ஆறுச்சாமி, அது ஏன் பிடித்தது என்று குறிப்பும் எழுதியிருந்தார்: "பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்."

'பொய். வண்டிகள் யாரையும் இறங்குமிடம் தாண்டிக் கொண்டுபோவதில்லை' என்று பத்திரிகையின் கதைத் தேர்வு இயந்திரம் அதை ஒதுக்கியது.

ஆசிரியர் மரகதவல்லி போன் செய்தாள். "எப்பங்க நடந்துச்சு?"

"முப்பது வருசம் இருக்குமுங்க. சிங்காநல்லூர்ல இறங்கோணும், சூலூரே போயிட்டேன். கண்டக்டர் திட்டுனாருங்க."

அவள் சிரித்துவிட்டாள். கல்லூரி நாட்களில் அவளும் அப்படித் திட்டு வாங்கியவள்தான்.

மாலையில் வீடு திரும்பும் ஓட்டுநரில்லா வண்டியில் அந்தக் கதையைத் திறந்தாள். முடித்து நிமிர்ந்தபோது வண்டி அவள் வாசலில் நின்றிருந்தது.

"இருபது நிமிடமாக நீங்கள் இறங்கவில்லை," என்றது வண்டி. "ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது."