ராட்னி போட்ட பூட்டு

"இது என்ன சத்திரமா? வெளியே வாம்மா முதல்ல!"

கதவு படபடவென்று தட்டப்பட்டதும் க்ளெனிஸ் அலறி அடித்துக்கொண்டு எழுந்தாள். கதவில் முதுகை முட்டுக் கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது.

வெளியே குடிலின் சொந்தக்காரர் ராட்னி, கையில் ஆணிப் பெட்டியோடு. அவருக்குப் பின்னால் பக்கத்துக் குடில்காரி பாலின்.

"நான்தான் சொன்னேனே ராட்னி! பூட்டு உடைஞ்சு ஒரு வாரமாத் தொங்குது. உள்ள ஆள் இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்."

ஹோவ் கடற்கரையில் வரிசையாக நிற்கும் இந்தக் குடில்களின் லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். கோடையில் நாலு நாள் கடலைப் பார்த்து டீ குடிக்க ஒரு மரப்பெட்டி. அதற்கு வருஷா வருஷம் பெயிண்ட், அதற்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு சட்டம். ராத்திரி யாரும் உள்ளே படுக்கக் கூடாது. படுத்தது தெரிந்தால் குடிலே கைவிட்டுப் போய்விடும். குளிர்காலம் முழுக்க சும்மாதான் கிடக்கும், இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

"சார், பூட்டை நான் உடைக்கலை. திறந்து கிடந்துச்சு, மழைக்கு ஒதுங்கினேன்," என்றாள் க்ளெனிஸ்.

"ஒரு வாரமாவா ஒதுங்குவே?"

"முன்னாடி கடல்பாலத்துக்குக் கீழதான் சார் படுத்திருந்தேன். குடிச்சிட்டு வர்றவனுங்க உதைக்கிறானுங்க. போன மாசம் தூங்கிட்டு இருக்கும்போதே போர்வைக்குத் தீ வெச்சிட்டானுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இந்தக் குளிர் போற வரைக்கும்..."

"அதுக்குத்தான் வீடில்லாதவங்க விடுதி இருக்கே? அங்க போறது!" பாலின் குறுக்கே புகுந்தாள்.

"அங்க இடம் கிடைச்சா நான் ஏம்மா காலங்காத்தால உங்க முகத்துல முழிக்கிறேன்?"

பாலினுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "பார்த்தீங்களா ராட்னி, வாயை! நீங்க ஏதாவது செய்றீங்களா, இல்ல நான் சங்கத்துல புகார் கொடுக்கட்டுமா?"

"புகாரெல்லாம் எதுக்கு? இதோ, உங்க கண் முன்னாடியே முடிச்சிடறேன்." ராட்னி க்ளெனிஸ் பக்கம் திரும்பினார். "கிளம்பு. மூட்டையைத் தொடாதே. உள்ள என்னென்ன காணோம்னு பார்த்துட்டுத்தான் தருவேன். பொழுது சாயறப்போ வா. குடிலுக்குப் பின்னால போட்டு வைக்கிறேன்."

திருடி என்றே சொல்லிவிட்டார். க்ளெனிஸுக்கு முகம் எரிந்தது. நடந்துபோய், தள்ளியிருந்த பெஞ்சில் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

முதுகுக்குப் பின்னால் சுத்தியல் சத்தம். ஒவ்வொரு அடியும் தன் தலையில் விழுவது போலிருந்தது. இனி ராத்திரிக்கு எங்கே போவது? மறுபடியும் அந்தப் பாலத்தடிதான்.

"பின்பக்கப் பலகையும் ஆடுது ராட்னி. அதையும் கெட்டியா அடிச்சிடுங்க," பாலினின் குரல் காற்றில் வந்தது.

"அடிக்காம விடுவேனா? இனிமே வெளியிலேர்ந்து என்னாலயே திறக்க முடியாது, போதுமா?"

ராட்னி குடிலின் பின்பக்கச் சந்துக்குள் புகுந்து வெகு நேரம் எதையோ துளைத்தார், அடித்தார். பாலின் குளிர் தாங்காமல் வாசல் பக்கமே நின்றாள். கடைசியில் முன்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, அவளையே இழுத்துப் பார்க்கச் சொன்னார்.

"இப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு," என்று பாலின் கிளம்பினாள். ராட்னியும் கிளம்பினார், பெஞ்சுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பகலெல்லாம் ஊருக்குள் சுற்றிவிட்டு, பொழுது சாயும் நேரம் க்ளெனிஸ் மூட்டையை எடுக்க வந்தாள். ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும் அந்தச் சந்தில். நுழைந்து பார்த்தாள்.

மூட்டை இல்லை.

மூட்டு வலி மாத்திரை, காய்ந்த காலுறை, தூங்கும் பை, அவள் சொத்து மொத்தமும் அதில்தான்.

"பாவி மனுஷா, நீ நல்லா இருப்பியா?" ஆத்திரம் தாங்காமல் பின்பக்கப் பலகையை ஓங்கி அறைந்தாள்.

பலகை உள்ளே போயிற்று.

ஒன்றல்ல, மூன்று பலகைகள் சேர்ந்து ஒரு சின்னக் கதவாக, எண்ணெய் போட்ட கீலில் சத்தமில்லாமல் திறந்தன. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கோடுகூடத் தெரியாது. உள்ளே தரையில் மெத்தை விரித்திருந்தது. அதன்மேல் அவள் மூட்டை. பக்கத்தில் ஒரு தடிமனான கம்பளி, பிளாஸ்கில் சுடச்சுட சூப்.

க்ளெனிஸ் தவழ்ந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நம்பவே முடியவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. யாராவது தள்ளிக்கொண்டு வந்துவிட்டால் என்ற பயத்தில், முட்டுக் கொடுக்கக் கதவைத் தடவியபோது, கையில் ஜில்லென்று ஏதோ தட்டுப்பட்டது.

கட்டை விரல் கனத்துக்கு ஓர் இரும்புத் தாழ்ப்பாள். ராட்னி அதை உள்பக்கம் வைத்திருந்தார்.